சுண்ணாம்பு தடவிய கட்டு

வியாழக்கிழமை, காலை 8.50

இன்ஸ்பெக்டர் லோகேஸ்வரி அந்த அறைக்குள் நுழைய இரண்டு தடவை முயன்றாள். இரண்டு தடவையும் நிலைப்படியோடு திரும்பிவிட்டாள். பதினெட்டு வருடப் போலீஸ் வேலையில் கடலில் ஊறிய பிணம், மாடியிலிருந்து விழுந்த பிணம் என்று எத்தனையோ பார்த்தவள்தான். அதெல்லாம் ஒரு நாற்றமா என்று இப்போது தோன்றியது. அழுகிய முட்டையும் தீய்ந்த மயிரும் கலந்த வாடை அடித்தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றது. மூன்றாவது தடவை மூக்கில் தைலத்தை அப்பி, கைக்குட்டையால் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

ரப்பர் விரித்த கட்டிலில் சந்திரசேகரன் கிடந்தார். வயது எழுபத்தெட்டு. கழுத்திலிருந்து கணுக்கால்வரை துணிக்கட்டு. கட்டுகளுக்கு இடையே தார் போல ஒன்று பிதுங்கி, கட்டில் காலில் வழிந்து, தரையில் உறைந்திருந்தது. வாய் திறந்திருந்தது. வாய்க்குள்ளும் அதே கறுப்பு. லோகேஸ்வரி நாலு விநாடி பார்த்தாள். ஐந்தாவது விநாடி வெளியே வந்துவிட்டாள்.

லிட்டில் இந்தியாவைச் சுற்றிக் கலப்புக் குடும்பங்கள் ஐந்தாறு உண்டு. எந்த அரக்கன் எந்தக் கப்பலில் வந்து இறங்கி எந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்பது இப்போது யாருக்கும் தெரியாது. வாரிசுகளுக்குக் கடைவாய்ப்பல் கொஞ்சம் நீளம், உள்ளங்கை கொஞ்சம் சூடு, அவ்வளவுதான். மற்றபடி எல்லாரையும் போல வேலைக்குப் போவார்கள், கல்யாணம் கட்டுவார்கள், வாகன நெரிசலைத் திட்டுவார்கள். வயதானால்தான் வினை. சிலருக்குக் கருங்கசிவு வரும். ஊர்ப்பேச்சில் வெறும் கசிவு. தோல் மடிப்பெல்லாம் கறுப்பாக ஊறி வழியும். மருந்து கிடையாது. சாகிறவரை யாராவது துடைத்துத் துடைத்துக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த யாராவது, இந்த வீட்டில், சவுந்தரம். ஐம்பத்தெட்டு வயது. கணவனை இழந்தவள். நாலு வருடமாகப் பெரியவரைப் பார்த்துக்கொள்ள வந்துபோகிறவள். கூடத்தில் ஒரு மூலையில் நின்றிருந்தாள். கூடத்தின் மறுகோடியில் சாமி மாடம் இருந்தது. அதன் முன்னால் திரை இழுத்து விடப்பட்டிருந்தது. திரையின் மடிப்பில் விரல் கனத்துக்குத் தூசி.

டாக்டர் சலேஹா கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"நோய்ல சாகல லோகேஸ். மேல் கட்டப் பிரிச்சிப் பாத்தேன். அடியில பூரா சுண்ணாம்பு. நெஞ்சு, முதுகு, அக்குள், ஒரு எடம் விடல."

"சுண்ணாம்பு பட்டா?"

"கசிவு வெளிய வந்தாகணும். சுண்ணாம்பு அடைச்சிரும். அப்பறம் உள்ளாற திரும்பி நுரையீரலுக்குப் போகும். அர மணி, ஒரு மணி நேரம். ஆறுலேருந்து ஏழுக்குள்ள முடிஞ்சிருக்கும்."

"போஸ்ட் மார்ட்டம்?"

"அறுத்துப் பாக்க என்ன இருக்கும்? கரைஞ்சிக்கிட்டே இருக்குலா. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள எரிச்சிரணும். இல்லாட்டி கட்டிலோடதான் எரிக்கணும்."

லோகேஸ்வரியின் மனதில் அந்த நேரம் இருந்ததெல்லாம் ஒன்றே ஒன்று. இந்த வீட்டைவிட்டுச் சீக்கிரம் போக வேண்டும்.

காலை 9.30

சவுந்தரம் வெற்றிலை போடுகிறவள். பேசும்போது உதடு சிவந்து தெரிந்தது. சமையலறை ஜன்னலில் அவளுடைய சுண்ணாம்பு டப்பா இருந்தது. திறந்து பார்த்தால் முக்கால்வாசி காலி.

"இது யாரோடது?"

"என்னோடதுதான் தங்கச்சி. நேத்து வாங்குனது. நேத்து ரொம்பி இருந்துச்சி."

"வீட்ல வேற யாரு வெத்தல போடுவாங்க?"

"யாரும் கெடையாது. ரூம்புக்குள்ள டப்பாவக் கொண்டுபோகக் கூடாதுன்னு மொத நாளே ஐயா சொல்லிட்டாரு. அதான் ஜன்னல்ல வெச்சேன்."

"கடைசியா எப்பக் கட்டு மாத்துனீங்க?"

"அஞ்சு மணிக்கு. சுடுதண்ணியில தொடச்சி, எண்ணெய் தடவிக் கட்டிட்டு, அஞ்சே முக்காலுக்கு மாதா கோயில் பூசைக்குப் போனேன். அப்படியே பாசாருக்குப் போயிட்டு ஏழு நாப்பதுக்கு வந்தேன். வந்து பாத்தா..."

"ரூம் சாவி?"

"பூட்டே கெடையாது. பூட்டி என்னா பண்ண? யாரு உள்ள போகப்போறா?"

அதுதான் சிக்கல். பூட்டிய அறையில் கொலை நடந்தால் எப்படி நுழைந்தான் என்று கேட்கலாம். இது பூட்டே இல்லாத அறை. ஆனால் இந்த ஒருத்தியைத் தவிர வேறு யாரும் நுழைய மாட்டாத அறை. மருமகன் குணாளன் காலை ஷிப்டுக்காக ஐந்தரைக்கே தொழிற்சாலைக்குப் போய்விட்டார். பேத்தி ஷாமினி ஆறு மணிக்குமுன் அக்கரையில் இருக்கும் செபராங் ஜெயா அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டாள். வீட்டில் இருந்தது பெரியவரின் மகள் ஜெயலெட்சுமி மட்டும்.

"ஒண்ணு கேக்கட்டா தங்கச்சி?" என்றாள் சவுந்தரம். "என்னைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா சாயங்காலத்துக்கு மேல கூட்டிட்டுப் போங்க. ஐயாவக் கழுவி அனுப்பணும். இங்க வேற யாரும் தொட மாட்டாங்க."

சவுந்தரத்தின் கழுத்தில் தொங்கிய வெள்ளிச் சிலுவை கரி போலக் கறுத்திருந்தது. அதைப் பார்க்கக்கூட லோகேஸ்வரிக்கு அருவருப்பாக இருந்தது.

அறை வாசலில் ஒரு நாற்காலி போட்டு, கார்ப்பரல் அப்துல் ரசாக்கை உட்கார வைத்தாள். டாக்டரைத் தவிர யாரையும் உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு.

காலை 11.15

ஜெயலெட்சுமி பத்து மணிக்கு மாலை வாங்கப் போய் வந்திருந்தாள். அழுதழுது கண் வீங்கியிருந்தது. பக்கத்தில் போனால் சந்தனமும் பன்னீரும் மூக்கைத் துளைத்தன. அந்த வீட்டில் அது ஒன்றுதான் நல்ல வாசனை என்பதால் லோகேஸ்வரி நெருங்கியே உட்கார்ந்தாள். பாய் விரித்த தரை. ஜெயலெட்சுமி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் பூசிய பாதம். விரல்களில் மெட்டி பளீரென்று வெளுத்து மின்னியது. புறங்காலில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு சிவப்புப் பொட்டு.

"அடி பட்டுச்சா?"

ஜெயலெட்சுமி குனிந்து பார்த்தாள். "இல்லீங்க. காலையில பூசையில குங்குமம் சிந்திருச்சி."

"அப்பாவக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"எட்டு மாசமா அந்த ரூம்புக்குள்ள கால் வெக்கல. அப்பாதான். சொமந்து வளத்தவருதான். ஆனா வயித்தப் பொரட்டுது. வாசப்படிக்கு இந்தப் பக்கம் நின்னு பேசுவேன். என்னையத் தப்பா நெனைக்காதீங்க. நீங்களும் பாத்தீங்கதானே."

லோகேஸ்வரி தலையாட்டினாள். இவளைத் தப்பாக நினைக்கத் தனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஐந்து விநாடி நிற்க முடியாதவள்தானே தானும்.

"ஷாமினிக்கு மாப்பிள்ள பாத்திருக்காமே."

"அடுத்த மாசம் கல்யாணம். மாப்பிள்ள பேரு ஹரீஷ். நல்ல பையன். இப்பச் சாவு விழுந்துருச்சி, கல்யாணம் தள்ளித்தான் போகும். எந்தத் தாயாவது இப்படி நடக்கணும்னு நெனைப்பாளா?"

நியாயமான கேள்விதான்.

"சவுந்தரம் எதுக்குச் செய்யணும்?"

"அவங்க மனசுல என்னா இருந்துச்சோ. நாலு வருசமா இதையே அள்ளிக்கிட்டு இருந்தா யாருக்குத்தான் வெறுத்துப்போகாது?"

லோகேஸ்வரி எழுந்தாள். ஏதோ ஒன்று கண்ணில் உறுத்தியது. நடு விரலுக்குப் பக்கத்து விரலில் முப்பது வருடமாக மெட்டி போட்ட தடம் அகலமாகப் பள்ளம் விழுந்து வெளிறித் தெரிந்தது. அதில் உட்கார்ந்திருந்த மெட்டியோ ஒல்லியாக இருந்தது. புது மெட்டி. அப்பா செத்த அன்றைக்கா மெட்டி மாற்றுவார்கள்?

பழைய மெட்டி அறுந்திருக்கலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்த நாற்றத்தில் எதையும் இரண்டாவது தடவை யோசிக்க அவளுக்குப் பொறுமை இல்லை.

மதியம் 1.30

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்தில் ஒரு கடையில் நாசி கண்டார் சோறு கட்டி வாங்கி வந்தான் ஒரு கான்ஸ்டபிள். ரசாக் வாசல் நாற்காலியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். லோகேஸ்வரி பொட்டலத்தைப் பிரித்தாள். சோற்றின் மேல் கறுப்புக் குழம்பு கெட்டியாக ஊறி வழிந்துகொண்டிருந்தது. மூடி வைத்துவிட்டாள்.

டிஎஸ்பி போனில் கூப்பிட்டார். சுண்ணாம்பு அந்தப் பொம்பளையுடையது, தொட்டது அந்தப் பொம்பளை ஒருத்தி, இன்னும் என்ன வேண்டும் என்றார். ஐந்து மணிக்குள் கைது செய்து கூட்டி வரவேண்டும். கைதானால் கொலைக் குற்றச்சாட்டு, ஜாமீன் கிடையாது.

லோகேஸ்வரி சவுந்தரத்தை மறுபடி கூப்பிட்டாள்.

"இந்த வாரம் வீட்ல ஏதாச்சும் சண்ட?"

"சண்ட இல்ல. செவ்வாக்கெழம ஜெயா வாசப்படிகிட்ட நின்னு ஐயாகிட்ட ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்திச்சி. நான் கொல்லையில துணி அலசிக்கிட்டு இருந்தேன், காதுல விழல. உள்ள வரும்போது ஐயா ஒண்ணு சொன்னாரு. நான் பாத்தததான் சொல்வேன்னாரு. ஜெயா மொகம் கறுத்துப்போயி வெளிய போயிருச்சி."

"எதைப் பாத்து?"

"வெள்ளி பாக்கறதா இருக்கும். ஞாயித்துக்கெழம மாப்பிள்ள வீட்ல வராங்கல்ல."

லோகேஸ்வரிக்கு விளங்கவில்லை. சவுந்தரம் விளக்கினாள். கசிவு ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதிக்காது. தாய்க்கோ தகப்பனுக்கோ வந்தால்தான் பிள்ளைக்கு வரும். தாய்க்கு இல்லையென்றால் பிள்ளைக்கும் பயமில்லை. கசிவு தலைகாட்டுவதற்குப் பல வருடம் முன்பே உடம்பில் போட்ட வெள்ளி கறுக்கும். அதனால் கலப்பு வீட்டில் பெண் எடுக்கிறவர்கள், பெண்ணின் தாய் போட்டிருக்கும் வெள்ளியைப் பார்க்கச் சொல்வார்கள். பார்ப்பது அந்த வீட்டின் மூத்தவர். அவர் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து வெளுப்பு என்று சொன்னால் போதும், மறுபேச்சு கிடையாது.

"ஐயாவுக்கும் மொதல்ல அரைஞாண்தான் கறுத்துச்சாம். மூணு வருசம் கழிச்சித்தான் கசிஞ்சிச்சாம்."

"அந்த மாடத்துலயா வெளக்கு ஏத்துவாங்க?"

"இல்லலா. கசிவு இருக்கற வீட்ல சாமி கும்பிட மாட்டாங்க, தங்கச்சி. நாலு வருசமா அந்தத் தெரையத் தெறக்கல. வெள்ளி பாக்கறதுக்கு வெளக்கு கோயில்லேருந்து வரும்."

"உங்க சிலுவை ஏன் கறுத்திருக்கு? நீங்க கலப்பு இல்லையே."

"அந்த ரூம்போட வேல. தேச்சித் தேச்சிப் பாத்துட்டு விட்டுட்டேன். உள்ள ஒரு தடவ போயிட்டு வந்தாப் போதும், கரியாயிரும்."

லோகேஸ்வரிக்கு ஒல்லி மெட்டி ஞாபகம் வந்தது. பழையது அறுந்துபோகவில்லை. காலையில் அந்த அறைக்குள் போய்க் கறுத்துப்போயிருக்கிறது. ஆனால் போனாள் என்பதால் கொன்றாள் என்று ஆகிவிடாதே. பெற்ற அப்பாவை ஒரு தடவை பார்க்கப் போனேன், வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது என்றால் முடிந்தது.

மாலை 4.40

பிணவண்டி வந்துவிட்டது. ஷாமினி செபராங் ஜெயாவிலிருந்து திரும்பி, தாயின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கூடத்தில் அந்த இருவரும் சவுந்தரமும்தான். லோகேஸ்வரி சவுந்தரத்தின் முன்னால் போய் நின்றாள்.

"கெளம்பலாங்களா?"

"ஐயாவ இன்னும் கழுவல."

இதைச் சொல்லும்போது சவுந்தரம் அவளைக் கெஞ்சவில்லை. பாசாரில் மீன் அலசாமல் கிடக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். லோகேஸ்வரியால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. அறைக் கதவைப் பார்க்கவும் முடியவில்லை. தரையைப் பார்த்தாள். தரையில் ஜெயலெட்சுமியின் பாதம் நீட்டியிருந்தது.

மெட்டி கறுத்திருந்தது.

லோகேஸ்வரி ரசாக்கைப் பார்த்தாள்.

"அண்ணே, காலையிலேருந்து உள்ள யாரு போனது?"

"டாக்டரம்மா மட்டும் மேடம். சாப்பாட்டக்கூட இங்கயே சாப்பிட்டேன்."

"இவங்க?"

"வாசப்பக்கமே வரல."

லோகேஸ்வரி சவுந்தரத்திடம் ஒரு கிண்ணத்தில் மஞ்சள் கரைத்த தண்ணீரும் அந்தச் சுண்ணாம்பு டப்பாவும் கொண்டு வரச் சொன்னாள். பாயில் உட்கார்ந்து, தன் இடது கையில் மஞ்சள் தண்ணீரைத் தடவினாள். அதன்மேல் ஒரு சொட்டுச் சுண்ணாம்பு வைத்தாள். கண்ணெதிரே அது சிவந்தது.

"ஆரத்தி கரைக்காத வீடு கெடையாது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா என்னாகும்னு எல்லாருக்கும் தெரியும். காலையில நான் மறந்துட்டேன். நாத்தத்துல மூள வேல செய்யல." குரல் தணிவாகத்தான் இருந்தது. "அக்கா, உங்க கால்ல இருக்கறது குங்குமம் இல்ல. மஞ்ச பூசின கால்ல சிந்துன சுண்ணாம்பு. குங்குமம்னா இந்நேரம் அழிஞ்சிருக்கும். அதோட, நாலு வருசமாத் தெரை போட்ட மாடத்துல எந்தப் பூசையில குங்குமம் சிந்துச்சி?"

ஜெயலெட்சுமி காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க வெத்தல போடறதில்ல. இந்த வீட்ல சுண்ணாம்பு இருந்தது அந்த ஒரு டப்பாவுலதான். உள்ள போனீங்க. அதுல பழைய மெட்டி கரியாயிருச்சி. சாவு வீட்டுக்கு வரவங்க காலப் பாப்பாங்கன்னு மாலை வாங்கப் போன எடத்துல புதுசு வாங்கி மாட்டிக்கிட்டீங்க. அது பதினொன்னே காலுக்கு வெள்ளையா இருந்துச்சி. நான் பாத்தேன். அதுக்கப்பறம் நீங்க ரூம்பு பக்கமே போகல. இப்பப் பாருங்க."

ஷாமினி குனிந்து, புடவை விளிம்பை விலக்கி, தாயின் கால்விரலைப் பார்த்தாள். மெல்லத் தோளை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

"ரூம்பு கறுக்க வெக்கல. உங்க ஒடம்புதான் கறுக்க வெச்சிருக்கு" என்றாள் லோகேஸ்வரி. "பழைய மெட்டியயும் இத்தன நாளாத் தேச்சித் தேச்சித்தான் மறைச்சிருப்பீங்க. ஞாயித்துக்கெழம அவர் பாத்தததான் சொல்வார்னு உங்களுக்குத் தெரியும். தள்ளிப்போன கல்யாணத்த அப்பறம் வெச்சிக்கலாம். நின்னுபோனா வெக்க முடியாது. அவருக்கு அடுத்த மூத்தவங்க இந்த வீட்ல நீங்கதான். உங்க வெள்ளிய நீங்களே பாத்துச் சொல்லிருப்பீங்க."

ஜெயலெட்சுமி மகளைப் பார்த்தாள். மகள் அவளைப் பார்க்கவில்லை.

"ஒரு வார்த்ததான் கேட்டேன்" என்றாள் ஜெயலெட்சுமி. "வெளுப்புன்னு ஒரு வார்த்த. அந்தப் பையனுக்குத் தெரியணும், தெரிஞ்சி கட்டிக்கிட்டா கட்டிக்கட்டும்ங்கறாரு. எவன் கட்டுவான்? இதத் தெரிஞ்சி எவன் கட்டுவான்?"

"தனியாவா செஞ்சீங்க? அவ்வளவு கனமான ஒடம்பத் தூக்கி, கட்டெல்லாம் பிரிச்சி?"

"கனமெல்லாம் இல்ல." அவள் மூக்கைச் சிந்திப் புடவையில் துடைத்தாள். அடுத்து அவள் சொன்னதில் அழுகை இல்லை. வீட்டு வேலை ஒன்றைப் பற்றிப் பேசுகிற குரல். "எட்டு மாசம் கழிச்சி உள்ள போனேனா, கட்டு மாத்தத்தான் வந்திருக்கேன்னு நெனைச்சிக்கிட்டாரு. வந்துட்டியாமான்னு கேட்டாரு. அவரே கையத் தூக்கிக் காட்டினாரு. அக்குளுக்கு. அப்பறம் அவரே திரும்பிப் படுத்தாரு, முதுகுக்கு. எரியுதும்மான்னாரு. புது மருந்துப்பா, செத்த நேரம் எரியும்னேன். சரிம்மான்னு சொல்லிட்டுக் கண்ண மூடிக்கிட்டாரு."

லோகேஸ்வரி எழுந்தாள். ரசாக்கிடம் கையைக் காட்டிவிட்டு, கூடத்தைத் தாண்டி, ஐந்தடி நடைபாதையைத் தாண்டி, தெருச் சாக்கடை விளிம்பில் குனிந்து வாந்தி எடுத்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனாலும் வந்துகொண்டே இருந்தது.

மாலை 5.20

ஜெயலெட்சுமியைப் பெண் போலீஸ் ஒருத்தி காரில் ஏற்றினாள். ஷாமினி படியில் உட்கார்ந்து, கையிலிருந்த வெள்ளி மோதிரத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதுக்கு அது வெளுத்துத்தான் இருக்கும். இன்னும் முப்பது வருடத்துக்கு அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அம்மா செய்த காரியத்தால் இனி அதை ஊரும் சேர்ந்து பார்க்கும்.

ரசாக் தண்ணீர் போத்தலை நீட்டினார்.

"பொணம் ஒத்துக்கலையா மேடம்?"

லோகேஸ்வரி தலையை மட்டும் அசைத்தாள். இல்லை என்று அசைத்ததை ரசாக் புரிந்துகொண்டாரா தெரியவில்லை.

சவுந்தரம் வாளியில் சுடுதண்ணீரும் தோளில் பழந்துணியுமாக வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"வாய நல்லாக் கொப்புளிச்சிட்டு வாங்க தங்கச்சி. இன்னும் நாப்பது நிமிசந்தான் இருக்கு. ஐயாவத் திருப்பிப் போட எனக்கு இன்னொரு கை வேணும்."

லோகேஸ்வரி வாயைக் கொப்புளித்துத் துப்பினாள். கைக்குட்டை சாக்கடைக்குள் விழுந்து கிடந்தது. சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு சவுந்தரத்தின் பின்னால் உள்ளே போனாள். அறை காலையில் நாறியதைவிட இப்போது அதிகமாகவே நாறியது. அவள் வாளியைக் கையில் வாங்கிக்கொண்டாள்.